பஞ்சு மூடியில் வெள்ளைக் கோடு

போன மாதம் மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பழ வண்டியைக் கடந்தபோது, தோல் கறுத்த வாழைப்பழச் சீப்பு ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதன்மேல் கடுகைவிடச் சின்னதாய்ப் பூச்சிகள். அந்தப் புளித்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

உங்களுக்கு அது அழுகல் நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது உத்தியோகத்தின் வாசனை. மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன், தாராவியில் தோல் பட்டறையில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, யாரோ சொல்லி அங்கே போய்ச் சேர்ந்தேன். மைக்ராஸ்கோப் துடைப்பது, சீசா கழுவுவது, சாயந்திரம் பூட்டுவது. பூட்டுவதுதான் பெரிய வேலை. பூட்டி, இழுத்துப் பார்த்து, ஸ்டேஷன்வரை போய், கேஸைத் திருகி மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடி வருவேன். பூட்டித்தான் இருக்கிறது என்று வாட்ச்மேன் தூரத்திலேயே கை ஆட்டுவார். "பந்த் ஹை, காக்கா, பந்த் ஹை." அவர் சொன்னால் போதுமா? நான் பார்க்க வேண்டாமா?

அங்கே பாகீரதி மேடம் என்று ஒரு பேராசிரியர். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்காதான். தங்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை மதியம் தனியாக ஒரு வகுப்பு வைத்திருந்தார். தாராவி, சீத்தா கேம்ப், செம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு பழப்பூச்சிக் குடும்பத்தைச் சீசாவில் கொடுத்துவிடுவார். அதை வளர்க்க வேண்டும், குஞ்சு பொரிந்தால் எண்ண வேண்டும், புதுச் சீசாவுக்கு மாற்ற வேண்டும்.

"உன் சீசாவை நீ மட்டும்தான் தொடணும். நான்கூடத் தொட மாட்டேன். தப்பா வந்தா உன்னோட தப்பு, சரியா வந்தா அதுவும் உன்னோடதுதான்" என்பார். சொன்னபடியே, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்து பார்ப்பார்.

பூச்சிகளுக்குச் சமையல் நான். ரவை, வெல்லம், ஈஸ்ட், மசித்த வாழைப்பழம். கிண்டும்போது வராந்தா முழுக்க மணக்கும். சீத்தா கேம்பிலிருந்து வருகிற செண்பகம் எட்டிப் பார்ப்பாள். மற்ற பிள்ளைகளுக்கு நான் மாமா. அவள் அப்பாவுக்கும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அவளுக்கு மட்டும் அண்ணாச்சி.

"கேசரி ஆச்சா அண்ணாச்சி? பூச்சி தின்னது போக எனக்கும் ஒரு கரண்டி வையுங்க."

"சிரிக்காத பிள்ள. சூடு ஆறாம ஊத்திட்டா எல்லாம் செத்துப்போவும்."

"டென்ஷன் நக்கோ அண்ணாச்சி, பயப்படாதீங்க. உங்களப் பாத்தே பூச்சிக்கு பி.பி. வந்துரும்."

அவள் சீசாவில் ஒருநாள் இறக்கை சுருண்ட பூச்சி ஒன்று பிறந்தது. மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இது அபூர்வம், தனியாக வளர்த்துப் பார் என்றார். அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழு தலைமுறை வளர்த்துவிட்டாள் செண்பகம். அந்த வருஷம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு நேர்முகத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பூச்சிகளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டாராம்: அங்கே எடுத்துக்கொண்டால் எம்.எஸ்ஸி. படிக்கலாம், இல்லையென்றால் துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நேர்முகம் திங்கட்கிழமை.

சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். எறும்பு ஏறாமலிருக்க மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருப்போம். ஏப்ரல் வெக்கை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வற்றிவிட்டால்? எறும்பு பஞ்சைத் துளைத்து உள்ளே போய்விட்டால்? எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவைச் சுற்றிப் போடுகிற எறும்புச் சாக்பீஸ் பையில் இருந்தது. மேஜையைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். பயந்தவன் கை ஒரு கோட்டோடு நிற்குமா? ஒவ்வொரு சீசாவையும் எடுத்து, வாயை அடைத்திருந்த பஞ்சு மூடியிலும் ஒரு சுற்றுத் தேய்த்தேன். அது எறும்புக்கு மட்டும்தான் விஷம் என்று நினைத்த புத்திசாலி நான்.

திங்கட்கிழமை காலை செண்பகம் புதுச் சுடிதாரில் வந்தாள். சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஏன் ஒண்ணுமே அசையல?"

"வெக்கையா இருக்கும்" என்றேன்.

மேடம் வந்தார். பஞ்சிலிருந்த வெள்ளைப் பொடியை விரலில் தேய்த்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"எறும்பு வராம இருக்கட்டும்னு நான்தான் போட்டேன். தப்பு என்னோடது."

செண்பகம் அழவில்லை. "யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனாள். இடம் கிடைக்கவில்லை. பரீட்சை எழுதினாள், சனிக்கிழமை வகுப்புக்கு அதன் பிறகு வரவேயில்லை.

அந்தத் திங்கட்கிழமையே மேடத்திடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு வருஷா வருஷம் காண்ட்ராக்ட். இதைச் சாக்கு வெச்சு எடுத்துடுவா. என்னை யார் என்ன பண்ணப் போறா?"

நானும் அந்த நிழலில் நின்றுகொண்டேன். அவள் போன பிறகு, தங்கள் பூச்சியும் செத்துப்போன மற்ற பிள்ளைகளுக்கும் மேடத்தின் பேச்சில் பழைய பிடிப்பு இல்லை. இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஒருவர், பிறகு நான் மட்டும் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மேடம் ஓய்வுபெற்றதும் சீசாக்களை எடைக்குப் போட்டார்கள். பூச்சி வளர்த்த அறையில் இப்போது பரீட்சைப் பேப்பர் கட்டுகள் இருக்கின்றனவாம்.

பழ வண்டியைப் பார்த்த மறுவாரம், அவள் அப்பா அன்று சொல்லி வைத்திருந்த செம்பூர் துணிக்கடைக்குப் போனேன். செண்பகம் அங்கேதான் இருக்கிறாள், காதோரம் நரைத்திருக்கிறது. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பிரித்திருந்த சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ இத்தன வருஷமா நான் மேடத்தயா ஏசிக்கிட்டு இருந்தேன்?"

மடித்த சேலையை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு வார்த்த பேசணும் அண்ணாச்சி. அவங்க நம்பர் இருக்கா?"

இல்லை. வீட்டை நேரில் காட்டுகிறேன் என்று மறுநாள் அவளை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போனேன். மேடம் குடியிருந்த கட்டடத்தை இடித்து, அந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தது. உள்ளே ஆழமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று காவல்காரருக்குத் தெரியவில்லை. எதிர்க் கடைக்காரருக்கும் தெரியவில்லை. செண்பகம் தகரத்தின் இடைவெளியில் கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.