மாமரத்தில் ஒரு கட்சிக்காரர்

மதுரை வெயிலில் மனிதர் வளர்வதே பெரிய காரியம். நான் அதில் ஆர்க்கிட் வளர்த்தேன். கொடைக்கானலிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி வரவழைத்த செடிகள் பங்குனியில் வந்து சேரும், சித்திரைக்குள் காலமாகிவிடும். புத்தகங்கள் பனிமூட்டம் வேண்டும் என்றன. எங்கள் தெருவில் கிடைத்தது சாயப்பட்டறைப் புகைதான்.

கடைசியில் உயிரோடு மிஞ்சியவை நம் பக்கத்து முரட்டுச் செடிகள். திருமங்கலம் சாலை மரங்களில் எடுத்தவை சில. அழகர்மலைச் சரிவில் விழுந்து கிடந்த மரத்திலிருந்து எடுத்தது ஒன்று. எல்லாவற்றையும் தேங்காய்நார் வைத்து வீட்டுக்காரர் கொல்லையிலிருந்த மாமரத்தில் கட்டியிருந்தேன். ஒன்றுகூடப் பூத்ததில்லை. அழகர்மலைச் செடியாவது இந்த வருஷம் பூக்கும் என்று வருஷா வருஷம் மனைவியிடம் சொல்வேன். “உங்களுக்குக் கேஸு வர்ற மாதிரிதான்” என்பாள். யுத்தத்துக்கு முந்தைய அந்த நாட்களில் நான் வக்கீல். கட்சிக்காரர்கள் அதை அதிகம் கேள்விப்பட்டிருக்கவில்லை.

வீட்டுக்காரர் சாயப்பட்டறை வைத்திருந்த சௌராஷ்டிரர். முன்கட்டில் அவர்கள், பின்கட்டில் நாங்கள். அவர் மகனுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் குழந்தை இல்லை. மருமகள் நாளெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு கோடையில் மாமரம் காய்க்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் கொல்லையில் வந்து நின்றார்.

“வக்கீல் தம்பி, மரத்துல புல்லுருவியை ஏத்தி விட்டுட்டீங்க. ஒரு வடு பிடிச்சுச்சா பாருங்க. புல்லுருவி ஏறுன மரம் காய்க்காது. காய்க்காத மரம் நிக்கிற வீட்டுல தொட்டில் ஆடாது.”

புல்லுருவி மரத்தைத் தின்று வாழ்வது. ஆர்க்கிட் மரத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பது, என்னைப்போல வாடகைக்கு. இந்த அவதூறை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வேரை நிமிண்டி எடுத்து, அது பட்டைக்குள் நுழையவே இல்லை என்று காட்டினேன். மா ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும் என்றேன். கோர்ட்டில் நான் பேசும்போது நீதிபதி ஜன்னலைப் பார்ப்பார். இந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உற்சாகம் மிஞ்சிவிட்டது.

“அப்ப செடி மேல குத்தமில்லைங்கிறீங்க?”

“துளிகூட இல்லைம்மா.”

“சரி தம்பி. அப்ப குத்தம் வேற இடத்துல இருக்கு.”

சொல்லிவிட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மருமகளின் கை முடிச்சில் நின்றது.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் கிணற்றடிக்கு என் மனைவியைத் தேடி வந்தாள். நானும் அங்கேதான் நின்றேன்.

“அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. செடி மேல குத்தம் இருந்தா அத்தை செடியை வைவாங்க. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து பரமக்குடிப் பொண்ணு பேச்சு ஆரம்பிச்சிருச்சு.”

“பரமக்குடிப் பொண்ணு யாரு?” என்று கேட்டேன். இம்புட்டும் படித்தவன்.

“இவ புருசனுக்கு ரெண்டாந்தாரமாப் பாத்து வச்சிருக்கிற பொண்ணு” என்றாள் மனைவி. “கோர்ட்டுல வர்ற ஒண்ணு ரெண்டு கேஸுலயும் தோக்குறீங்க. இங்க வந்து ஜெயிக்கச் சொல்லி யாரு கேட்டா?”

மறுநாள் காலை முன்கட்டுக்குப் போனேன். படித்த புத்தகங்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போனதாக நினைப்பு.

“அம்மா, நல்லா ஆராய்ஞ்சு பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. அது புல்லுருவிதான்.”

“அப்பவே சொன்னேன்ல. பிடுங்கிப் போடுங்க.”

“பிடுங்கக் கூடாதும்மா. வேர் ஒரு துணுக்கு மரத்துல தங்கினாலும் தோசம் தங்கிரும். அதுவா வாடி விழணும்.”

“எம்புட்டு நாளாகும்?”

“மெள்ளத்தான் போகும்.”

வக்கீல் தொழிலில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது வாய்தா வாங்குவது ஒன்றுதான். அது அன்றைக்குப் பயன்பட்டது. பரமக்குடிப் பேச்சு அடங்கியது. அம்மாள் தினமும் காலையில் மாமரத்தடியில் நின்று செடியைத் திட்டினார். அது தானாக வாடட்டும் என்று நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியதாகக் காட்டிக்கொண்டேன். மருமகள் சேலை உலர்த்துகிற சாக்கில் முக்காலியில் ஏறி ஒரு செம்புத் தண்ணீரைச் செடியின் வேரில் ஊற்றிவிட்டுப் போவாள். அவள் அளவுக்கு அக்கறையாக நான்கூட ஊற்றியதில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அழகர்மலைச் செடி இலையிடுக்கிலிருந்து ஒரு தண்டை நீட்டியது. முதலில் வேர் என்று நினைத்தேன். நாலைந்து நாளில் அதில் பச்சை மொக்குகள் வரிசையாகத் திரண்டன. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த நான் அதன்முன் மகிழ்ச்சியாக நின்றது ஒரு காப்பி ஆறும் நேரம்தான் இருக்கும்.

வீட்டுக்கார அம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் பட்ட எந்தப் பூவும் பெருமாள் படத்துக்குப் போயாக வேண்டும். தும்பையும் போகும், பூசணிப்பூவும் போகும். இந்தப் பூவும் போனால் அன்றோடு செடிக்கு விடுதலை; பெருமாளுக்குப் பூக் கொடுத்த செடியைப் புல்லுருவி என்று நானே சத்தியம் செய்தாலும் அவர் நம்பமாட்டார். அப்புறம் அந்த வீட்டில் பூக்காதது என்று ஒருத்திதான் மிஞ்சுவாள்.

“நாலு நாள் பொறுத்து, பூத்ததும் ஒரு தடவை பாத்துட்டு வெட்டக் கூடாதா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“நீங்க பாக்கிறதுக்கு முந்தி அவங்க பாத்துருவாங்க” என்றாள். கத்திரிக்கோலை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

விடிந்தும் விடியாமலும் முக்காலி போட்டு ஏறினேன். தண்டு இளசு, வெட்டிய சத்தமே கேட்கவில்லை. மொக்குகளை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு இறங்கும்போது மருமகள் செம்போடு நின்றிருந்தாள்.

“என்ன நிறத்துல பூத்திருக்கும் அண்ணே?”

“தெரியலைம்மா.”

அவள் முக்காலியில் ஏறிச் செம்பைச் செடியின் வேரில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அம்மாள் கொல்லைக்கு வந்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இந்தச் சனியன் இன்னும் வாடக் காணோமே தம்பி.”

“வாடும்மா” என்றேன். “இன்னும் கொஞ்ச நாளாகும்.”