ஈறு நிறத்தில் ஒரு டிராகன்

என் அக்கா பல் செய்கிறவள். கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. மருத்துவர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவாள், மெழுகில் பல்வரிசை அடுக்குவாள், கடைசியில் ஈறு நிற அக்ரிலிக்கில் முழு செட்டாக வார்த்து மெருகேற்றிக் கொடுப்பாள். அந்தப் பற்களை மாட்டிக்கொண்டு சிரிக்கிறவர்களை அவள் பார்த்ததில்லை. கிளினிக்கில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. வைத்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நெடுநாள் ஊர் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கியபோது, சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. கட்டம் போட்ட பெரிய தாள், பல முகம் கொண்ட பகடைகள், விரல் உயரத்தில் நான்கு பொம்மைகள்.

"யார் யார் ஆடறாங்க?"

"நான்தான்."

"மத்த மூணு பொம்மை?"

"அதுவும் நான்தான். நீ தட்டை மடியில வச்சு சாப்பிடு."

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடக்கிற விளையாட்டு அது. எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். முன்பு அந்த மேஜையைச் சுற்றித் தோழிகள் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருத்திக்கு மாற்றல், ஒருத்தி காரணம் சொல்லாமலே நின்றுவிட்டாள். கதையைப் பாதியில் விட மனம் வராமல் அக்கா எல்லோருக்குமாகத் தானே பகடை உருட்டிக்கொண்டிருந்தாள். திருடன் பூட்டைத் திறந்தால் வைத்தியனின் குரலில் அவளே பாராட்டுவாள். பக்கத்து அறையில் படுத்திருந்து அதைக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம்தான் ஒரு வழி பிறந்தது. தன் அம்மாவின் பல்செட்டை வாங்க வந்த பஸ் டிரைவர் ஒருவர் தவறிப்போய்ப் பின்னறைக்குள் தலையை நீட்டியிருக்கிறார். மெழுகுக் கத்திகளுக்கு நடுவே கிடந்த பகடையைப் பார்த்ததும் ஆளே மாறிவிட்டாராம். பொம்மைக் கடை மாடியில் ஞாயிறு மதியம் அவர் ஒரு குழுவை நடத்துகிறார். அதில் ஒரு நாற்காலி காலி.

"எந்த விதிப் புத்தகத்துல இருந்து வேணும்னாலும் ஒரு ஆளை உருவாக்கிட்டு வாங்க மேடம். ஒரு மதியம் ஆடிப் பார்ப்போம். எல்லாருக்கும் ஒத்துப்போச்சுன்னா நாற்காலி உங்களுக்கு" என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "அந்த நாற்காலி எனக்கு வேணும்டி" என்றாள். அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

பாதி டிராகனாக இருக்கும் பெண் ஒருத்தியைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தாள். ஆனால் பாதி டிராகன் ஆவதற்குப் பல வழிகள் இருந்தன. வேலை முடிந்து வந்ததும் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் வழக்காடுவாள்.

"டிராகன் இனத்துலயே பொறக்கலாம். முதல் நாளே வாயில நெருப்பு வரும். ஆனா இறக்கை கிடையாது. ரெண்டு மூணு தடவை ஊதினா மூச்சு வாங்கும். பார்த்த உடனே என்ன ஏதுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். முழு செட் மாட்டின மாதிரி."

"அடுத்தது?"

"மந்திரக்காரி. முப்பாட்டன் காலத்து டிராகன் ரத்தம் உடம்புல ஓடும். வெளியில சாதாரண பொண்ணு. வளர வளரத்தான் செதில், கடைசியிலதான் இறக்கை. அதுவரைக்கும் தும்மினா செத்துடுவா."

"இந்த மஞ்சள் அட்டை போட்ட புத்தகம்?"

"பழைய விதி. எந்த ஆள் மேலயும் டிராகனைத் தூக்கி மாட்டிடலாம். நகம், இறக்கை, நெருப்பு, பலம், எல்லாம் ஒரே நாள்ல. அதுக்குப் பதிலா உன் சொந்தத் திறமைல மத்தவங்களுக்கு ரொம்பப் பின்னாடி நிக்கணும். பல்லுக்கு கேப் போடற மாதிரிடி. நல்ல பல்லை ராவித்தான் போடணும்."

"எனக்கு ரெண்டாவது புடிச்சிருக்கு. பாவம், மெதுவா வளரட்டும்."

"ஊர் சுத்தி வந்தவளுக்குப் பொறுமையைப் பத்திப் பேச்சைப் பாரு!"

கடைசியில் அவள் ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கலாம் என்றுதானே சொன்னார்? ஒன்றிலிருந்து நெருப்பு, ஒன்றிலிருந்து இறக்கை, இன்னொன்றிலிருந்து இருட்டில் தெரியும் கண். காயத்தைத் தானே ஆற்றும் மந்திரம், பூட்டுத் திறக்கும் கைத்திறன். விதிகளுக்குள் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தாலும் அங்கே ஒரு பல்லைச் செருகினாள். மிச்சமிருந்த அக்ரிலிக்கில் அந்த டிராகன் பெண்ணுக்கொரு பொம்மையும் வார்த்தாள். ஈறு நிறம், விரிந்த இறக்கை, பெருமையான முகம்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன். மாடியில் டிரைவரைத் தவிர இரண்டு பேர். மருந்துக்கடை நடத்தும் பெண் வைத்தியராகவும், ஒரு எலக்ட்ரீஷியன் திருடனாகவும் ஆடினார்கள். பொம்மையைப் பார்த்து எலக்ட்ரீஷியன், "டிராகனா? யாரோ மென்னு துப்பினது மாதிரி இருக்கே மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது.

கதையில் முதலில் ஒரு குகை, அதன் வாசலில் பூட்டு. எலக்ட்ரீஷியன் பகடையைக் கையில் எடுப்பதற்குள் அக்கா கதவை எரித்துவிட்டாள். உள்ளே அக்கா மேல் அம்பு பாய்ந்தது. மருந்துக்கடைக்காரி, "இருங்க, நான் பார்க்கறேன்" என்றாள். "வேண்டாம், நானே ஆத்திக்கறேன்" என்றாள் அக்கா. பிறகு ஆறு வந்தது. அக்கா இறக்கையை விரித்து அக்கரைக்குப் பறந்தாள்.

டிரைவர் தாளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "நீங்க போயிட்டீங்க மேடம். அவங்க ரெண்டு பேரும் இந்தக் கரையிலதான் நிக்கிறாங்க."

"நாங்க அப்படியே வீட்டுக்குக் கிளம்பட்டுமா?" என்றாள் மருந்துக்கடைக்காரி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் டீ சொல்ல எழுந்து போனார்.

அக்கா பொம்மையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். "வா, போயிடலாம்."

"என்னக்கா ஆச்சு?"

"வீட்டுல நாலு பேருக்கும் நானே ஆடறேன் இல்ல? அந்த நாலு பேரையும் இவ ஒருத்திக்குள்ள அடைச்சுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இவளுக்கு யாரும் தேவையே இல்லடி. அப்புறம் எதுக்கு நாற்காலி?"

அவள் இரண்டு படி இறங்கினாள். நின்றாள். பல் இடுக்கில் வழிந்த அக்ரிலிக்கை உடைப்பதுபோல, பொம்மையின் இறக்கைகளைப் பட்டென்று ஒடித்து என் கையில் வைத்தாள்.

"இந்தா. பறக்கறதெல்லாம் உன் வேலை."

உள்ளே போய், பொம்மையை ஆற்றின் இந்தக் கரையில் வைத்தாள். "நான் போகவே இல்லை. டிராகன் ரத்தம் ஓடற மந்திரக்காரி நான். மணிக்கட்டுல மட்டும் கொஞ்சம் செதில். பறக்கத் தெரியாது. நீச்சலும் தெரியாது."

டீ சொல்லிவிட்டு வந்திருந்த டிரைவர் மற்ற இருவரையும் பார்த்தார். எலக்ட்ரீஷியன் பகடையைக் கையில் குலுக்கினார். "என்கிட்ட கயிறு இருக்கு. இடுப்புல கட்டிக்கங்கக்கா."

அக்கா உருட்டினாள். படுமோசமான எண் விழுந்தது. நடு ஆற்றில் கால் வழுக்கியது. "இழுங்க, இழுங்க!" என்று மருந்துக்கடைக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். அவர்கள் உருட்ட உருட்ட அக்கா தண்ணீருக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. சுவரோரமாக நின்றிருந்த என்னைப் பார்த்து அக்கா, "நீ கிளம்பு. எனக்கு நேரமாகும்" என்றாள்.

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். மேஜையில் அந்த நான்கு பொம்மைகளும் காலையில் நின்ற இடத்திலேயே நின்றன. இறக்கைகளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.