நோன்பு நாளில் போட்ட உப்பு

பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாடு வந்த புதிதில், தாடிக்கொம்புப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சமையலுக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளுக்கு நெய்ச்சோறு ஆக்கும் பண்டாரி. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஆனால் கையால் அள்ளிப் போட்டால் உப்பு சரியாக இருக்கும். அது அல்லாஹ் கொடுத்தது என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் ஊர்ப் பெரியவர் வந்து நின்றார். நெல்லும் பருப்பும் வீடுவீடாக வாங்கித் தந்தவர் அவர்தான். ஏழைப் பிள்ளை, வசதியான பிள்ளை என்று பார்க்காமல் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, "சும்மா போடுற சோறுப்பா. இதுல நொட்டை நொள்ளை சொன்னீங்க, மறுநா அடுப்பு எரியாது" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

காய் நறுக்க, மசால் அரைக்க அய்யம்மா என்று ஒரு அம்மா இருந்தார். வாய்த்துடுக்கு.

"பாய், ஒங்க சாம்பார்ல ஆட்டுக்கறி வாசம் வருதே."

"வந்தா மோந்துக்க. கறி கேக்காத."

அடுத்த வருஷம் பள்ளி நடக்கும்போதே ரமலான் வந்தது. நோன்போடு சமைத்தேன். ஹெட்மாஸ்டர் கேட்டார்: "என்ன பாய், ருசி பாக்காமலே இறக்குறீங்க?"

"நோன்பாளி நாக்குல எதையும் வைக்கக் கூடாது சார். இருவது வருசக் கை, தப்பாது."

அதைச் சொன்னபோது மனதில் பெருமை இருந்தது. இப்போது எழுதும்போது உறுத்துகிறது.

ஒருநாள் நான் சோறு வடிக்கையில், மனுசன் பட்டினியோடு நிற்கிறாரே என்று அய்யம்மா சாம்பார் அண்டாவில் உப்பைப் போட்டுவிட்டார். சொல்ல மறந்தார். நானும் வந்து வழக்கம்போல் அள்ளிப் போட்டேன். பிள்ளைகள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்கள். குடத்துத் தண்ணீர் இரண்டு தடவை தீர்ந்தது. வெயில் என்று நினைத்தேன்.

கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த அய்யம்மா முதல் கவளத்தைத் துப்பினார்.

"பாய், நீங்களும் உப்புப் போட்டீங்களா? வாயில வைக்க முடியல."

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நாலாம் வகுப்பு ராக்கம்மாவைக் கேட்டேன்.

"ஏன் தாயி, ஒரு ஆளுகூடச் சொல்லல?"

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "சொன்னா நாளைக்கு அடுப்பு எரியாதுல்ல. சின்னதுகளையும் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்கச் சொன்னோம்."

கல்யாண வீட்டில் உப்புக் கூடினால் என்னைப் பெற்ற அத்தா வரை இழுத்து ஏசுவார்கள். இங்கே இத்தனை பிள்ளைகள் பேசிவைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார்கள். பசியை அறியத்தான் நோன்பு. நான் என் நோன்பைக் காத்தேன், அவர்களுடைய பசியைப் பார்க்கவில்லை.

அன்று நோன்பு திறந்ததும் பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத்திடம் சொன்னேன். "சமைக்கிறவன் நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிரலாம்யா. முழுங்கக் கூடாது, அம்புட்டுத்தான். கேக்காம நீயா ஒரு சட்டம் போட்டுக்கிட்டியே" என்றார்.

மறுநாள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஊர்ப் பெரியவரைக் கூட்டிவந்து, குறை சொன்னாலும் அடுப்பு எரியும் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பி, வாய் கொப்பளித்த பிறகே அண்டாவை இறக்கினேன். ஆனாலும் ராக்கம்மா எப்போது கேட்டாலும், "நல்லாருக்கு பாய்" என்றாள். நோன்புப் பெருநாள் கழிந்தும் அதே பதில்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் சத்தம் போடுவான். இலவசமாகச் சாப்பிடுகிற பிள்ளை பயப்படும். தட்டு காலியானதை வைத்து உங்கள் சமையலை மெச்சிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நாளும் கேளுங்கள்.

ராக்கம்மா ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு, ஒருநாள் தட்டோடு நேரே அடுப்படிக்கு வந்தாள்.

"பாய், இன்னைக்கு உப்புப் பத்தல. பூசணிக்காயும் வேகல."

"அடியே, வாயப் பாரு" என்றார் அய்யம்மா.

அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்துவிட்டு உப்புச் சட்டியை எடுத்தேன்.