அண்ணி கூட்டாத சதுரம்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையாக இருந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எங்கள் ஊர். தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய்த் தாவரவியல் படித்தேன். ரெக்கார்டு நோட்டைப் பையில் வைக்க மாட்டேன். அட்டையில் எழுதியிருக்கும் வகுப்பு பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியும்படி மடியில்தான் வைத்துக்கொள்வேன்.

இரண்டாம் ஆண்டு, 2009 மழைக்காலத்தில், எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டருகே ஒரு மீட்டர் சதுரத்துக்கு நிலத்தை அளந்து, மூலைகளில் குச்சி நட்டு, கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் உயிருள்ளவை, உயிரற்றவை எல்லாவற்றையும் ஆறு வாரம் குறித்துவர வேண்டும். எதையும் தொடக்கூடாது. சந்தேகம் வந்தால் நேரில் வந்து பார்ப்பேன் என்று சார் சொல்லியிருந்தார். தோட்டத்தில் குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கமாக என் சதுரத்தைக் கட்டினேன்.

அந்த ஆவணியில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி பெண்ணாடத்துப் பக்கம். என்னைவிட ஒரு வயது சின்னவள். எட்டாவது முடித்ததும் கரும்புக் கொல்லையில் களையெடுக்க அனுப்பிவிட்டார்கள். பிரைவேட்டாகப் பத்தாவது எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணனையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். அதற்கான விண்ணப்பப் பாரம் நான்தான் வாங்கிவந்தேன். தன் கையாலேயே நிரப்பி, போட்டோ ஒட்டி, கடலூரில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

“எழுத்து நல்லா இருக்கா பாப்பா?”

“பரவால்ல” என்றேன். என் எழுத்தைவிட நன்றாக இருந்தது.

கயிறு கட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள். “இது என்னா பாப்பா, பாத்தி போடறியா?”

“சொன்னா உங்களுக்குப் புரியாது அண்ணி. காலேஜ் விஷயம். சார் வந்து பாக்கப் போறாரு.”

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் குறித்தேன். கோரை, அருகு, கீழாநெல்லி, பெயர் தெரியாத இரண்டு செடிகள், எறும்பு, ஒரு நத்தை. உயிரற்றவை பக்கத்தில் செங்கல் துண்டு, பீங்கான் சில்லு, அறுந்த செருப்பு வார். நான்கு மூலைக் குச்சிகளையும் அதே பக்கத்தில் எழுதினேன்.

ஐந்தாவது வாரம், ஒரு சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், சதுரத்துக்குள் ஒரு புல் இல்லை. சில்லும் வாரும் போய்விட்டன. சாணம் தெளித்து, நடுவில் அழகாக ஒரு கோலம். கயிற்றை அவிழ்க்காமல் அண்ணி குனிந்தே செய்திருந்தாள். நகமெல்லாம் மண்ணோடு நின்று சிரித்தாள்.

“சார் வர்ற எடத்த இப்படியா காடா போட்டு வெப்ப?”

நான் கத்தியது தெருவுக்கே கேட்டது. “களை புடுங்கின புத்தி எங்க போவும்? எதப் பாத்தாலும் புடுங்கத்தான் தோணும்!”

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன், “என்னாடி சத்தம்?” என்றான்.

“ரெண்டு லிஸ்ட் எழுதணும்ண்ணா. உசுரு இருக்கறது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு. அண்ணிய எதுல எழுதறதுன்னுதான் தெரியல.”

அண்ணனுக்குப் புரையேறியது. “அம்மிக்கல்லுக்குப் பக்கத்துல எழுதிக்க.” அம்மாவும் சிரித்தாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியும் சிரித்துவைத்தாள்.

எனக்கு அது போதவில்லை. “இதுவா பத்தாவது எழுதப் போவுது?”

“ஆமா, எதுக்கு வீண் வேல. உட்டுரு” என்றான் அண்ணன்.

கரண்டி நின்றது. “மாமா, பாரம் எழுதிக் குடுத்துட்டனே...”

“அதான் உட்டுருன்னு சொல்றன்ல.”

மறுநாள் காலை அவளை முருங்கையடியில் உட்காரவைத்து, எது எங்கே இருந்தது என்று கேட்டேன். பிடுங்கிப் போட்ட குவியல் அங்கேதான் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். “இது இந்த மூலையில இருந்துச்சி. வேரு ஒரு சாண், வரவே மாட்டேன்னுது. கோரைக்கு அடியில மூணு கெழங்கு கோத்துக்கிட்டு இருந்துச்சி. இங்க ஒரு மண்புழு, அத ஓரமா உட்டுட்டன்.” எனக்குப் பெயர் தெரியாத இரண்டுக்கும் அவளிடம் பெயர் இருந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

எழுந்திருக்கும்போது மெல்லக் கேட்டாள். “பாரத்தக் குடுத்துடுவ இல்ல பாப்பா? அவுரு கோவத்துல சொல்லிட்டாரு. நீ சொன்னா கேப்பாரு.”

“குடுக்கறன்” என்றேன்.

ரெக்கார்டில் ஒட்டச் செடிகளைக் காயவைக்க வேண்டும். பையிலிருந்த பாரத்தை எடுத்து, அதற்குள் கீழாநெல்லியைப் பரப்பி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். கை தவறி எடுத்துவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய பேப்பர் வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. இந்த வீட்டில் படித்தவள் ஒருத்தி போதும் என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

சார் சதுரத்தைப் பார்க்க வரவேயில்லை. ரெக்கார்டைப் பார்த்துவிட்டு வகுப்பில் தூக்கிக் காட்டினார். “வேர் வரைக்கும் பாத்திருக்கா பாருங்க. எப்படிம்மா?” நானே தோண்டிப் பார்த்தேன் சார் என்றேன்.

பாரம் சேர்க்கும் தேதி முடிந்த பிறகு, கொடுத்துவிட்டாயா என்று அண்ணி கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். பாரத்தைத் திருப்பிக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டோவின் மேல் பச்சையாகக் கறை படிந்திருந்தது. அதன் பிறகு அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. நீங்க, வாங்க என்றாகிவிட்டது.

இது 2012. நான் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணி இன்றைக்கும் தோட்டம் முழுக்கக் கூட்டுகிறாள், அந்தச் சதுரத்தின் ஓரம்வரை மட்டும். கயிறு இற்றுப்போய்விட்டது. மூன்று குச்சிகள் மக்கிவிட்டன. நான்காவது பூவரசங்குச்சி, துளிர்த்து என் உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே பார்த்தீனியம் போன பொங்கல்வரை இடுப்பளவு நின்றது. அம்மா சொல்லிப் பார்த்தாள், அண்ணன் அதட்டிப் பார்த்தான். “அது அவுங்க கட்டம்” என்பதோடு முடித்துக்கொள்வாளாம்.

அந்தப் பொங்கலுக்கு நானே சொன்னேன். “அண்ணி, அதப் புடுங்கிப் போட்டுடுங்க. பாம்பு வந்து அடையும்.”

துடைப்பத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்டே கேட்டாள். “ஏங்க, சார் வந்து பாத்துட்டாரா?”

நான் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்தீனியம் சுலபமாக வந்தது. கோரை பிடித்த இடத்தில் அறுந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப இழுத்தும் அப்படித்தான். அண்ணி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிப் பிடுங்குவது என்று சொல்லவில்லை.