சுகுணா அக்கா பிரித்த இரண்டு தயக்கங்கள்

எங்கள் தெருவில் இருந்த சுகுணா அக்கா இறந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாமா வந்து என் அப்பாவின், நாங்கள் அழைக்கிறபடி நைனாவின், காதருகே ஏதோ சொன்னார். நைனா கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினார். தெருவில் மற்றத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் எங்கள் தெருவைப் பகலில் நான் அவ்வளவு அமைதியாகக் கண்டதில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் பேச்சை எடுத்தாலே நைனாவுக்குக் கோபம் வருகிறது. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த நான் பதினொன்றாம் வகுப்புக்குத் திருப்பதி ஜூனியர் கல்லூரியில் சேர நாளைதான் கடைசி நாள். அக்கா அங்கே ரயிலில் போய்வந்து படித்தவர்; அந்த அலைச்சல்தான் அவரைச் சாய்த்தது என்று நைனா நினைக்கிறார். அவர் இறந்த பிறகு, என்னை அனுப்புவதா வேண்டாமா என்பதை நைனா ஒவ்வொரு நாளும் மறுநாளைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அக்கா எம்.ஏ. ஆங்கிலம் படித்தார். பழைய துன்பியல் நாடகங்களிலும் புதுக்கவிதைகளிலும் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டாமல் அடுத்த பக்கம் போகமாட்டார். தறியில் குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டே நான் கேட்பேன். ஆங்கிலத்தில் வாசிப்பார், அந்தப் பாத்திரங்களைத் தமிழில் திட்டுவார்.

ஒருநாள் இப்படி விளக்கினார். நாடகத்தில் ஒரு ராஜா கோட்டைக் கதவைத் திறப்பதா என்று யோசிக்கிறான்; முடிவதற்குள் ஊர் எரிந்துவிடுகிறது. கவிதையில் ஒருவன் சட்டைக் கடையில் நிற்கிறான். எந்தச் சட்டை என்று முடிவதற்குள் கடையைச் சாத்திவிடுகிறார்கள். அவன் வீட்டுக்குப் போய்விடுகிறான், யாரும் சாகவில்லை.

"அதான்டி மோசம். ராஜா தயங்கனா ஊரே அழுவுது. இவன் நின்னுக்கினு இருக்கறது பக்கத்துல இருக்கறவனுக்கே தெரியல" என்றார்.

ராஜாதான் மோசம், செத்தது மற்றவர்கள் அல்லவா என்று சொன்னேன். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. "நீ சொல்றதயும் போடறேன். பேரு மட்டும் போடமாட்டேன், போ."

மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டால் நான் பார்க்கலாம் என்பேன். சட்டையை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வெளியே வா என்று கேலி செய்வார். என் அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. அவருடைய அப்பா திருப்பதிக்குப் போகலாம் என்றார். அவருடைய மாமா, சென்னையில் தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்றார். அவருடைய அம்மா, நாளைக்குக் குறைந்துவிடும் என்றார். நான் பார்க்கப் போனபோதும் கூடத்தில் அதே பேச்சுதான். அக்கா கண்ணைத் திறந்து, "இது ரெண்டுல எதுடி, ராஜாவா, சட்டைக்காரனா?" என்று கேட்டார். சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் திருப்பதிக்குத்தான் கொண்டுபோனார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் வீட்டில் ஒருவரும் கெட்டவரில்லை. எல்லோரும் பாசத்தோடு தயங்கினார்கள். அந்தத் தயக்கம் அவர் கட்டுரையில் இல்லை.

இன்று சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னேன். "நாளைக்கு காத்தால ரயில்ல நான் திருப்பதிக்குப் போறேன், நைனா. நீ கூட வரியா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணப் பாத்தும் உனுக்கு பயம் இல்லியா?"

"இருக்குது."

அக்கா யாரையாவது ஒன்று கேட்டால், பதில் வரும்வரை வேறு பேச்சு எடுக்கமாட்டார். எதிரில் இருப்பவர் நெளிந்தாலும் விடமாட்டார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். நைனா சாப்பிட்டு முடித்தார், தண்ணீர் குடித்தார். நான் தட்டின் முன்னாலிருந்து எழவில்லை, கை காய்ந்துவிட்டது.

"காத்தால ரயிலுக்கு என்னை எழுப்பி வுடு" என்றார்.