எண்பத்தைந்து மில்லி வினாடி

2023 ஆகஸ்டு 12, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. கொடிமலை உச்சியை மேகம் மூடியிருந்தது. கீழே ஆயர் ஈத்தாமில் ஒரு சொட்டு மழை இல்லை, புழுக்கம். என் அடுக்குமாடி வீட்டு முன்னறையில் பாடிக்கொண்டிருந்த பஸ் அண்ணன், பல்லவியின் இரண்டாம் வரியில் நிறுத்தினார். இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றி, கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி மேசைமேல் வைத்தார். "போதும் தம்பி. வயசாயிருச்சு. மக கல்யாண டின்னருக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன். மேடையில ஏறி அவ மானத்த வாங்கக் கூடாது."

இளைய மகளின் விருந்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே, உன் கல்யாணத்தில் நான்தான் பாடுவேன் என்று சொல்லி வைத்திருந்தவர் அவர்.

பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பேருந்தை ஓட்டியவர் அவர். பதினேழு வருடம் அவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறேன். காலை ஷிப்டுக்குப் போகும் நாற்பத்து நான்கு பேரும் தூங்கி வழிய, ஸ்டீயரிங்கில் தாளம் தட்டிப் பாடிக்கொண்டே ஓட்டுவார். விளக்குச் சிவந்து பேருந்து நின்றாலும் பாட்டு நிற்காது. ஓய்வு பெற்ற பிறகு ஐந்து பேர் சேர்ந்து கல்யாண விருந்துகளில் கச்சேரி செய்தோம். அவர் பாடுவார், ஒலி என் பொறுப்பு. தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். அளக்காமல் எதையும் நம்பமாட்டான் என்று எனக்குப் பெயர்.

அண்ணன் குரலின் அடிப்பகுதியில் ஒரு கனம் உண்டு. மண்டபங்களில் அது குழம்பும். அதைச் சீர்செய்ய மடிக்கணினியில் ஓர் ஈக்குவலைசர் ப்ளக்இன், அதாவது ஒலியைத் திருத்தும் சிறு மென்பொருள், போட்டேன். அது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று உடனுக்குடன் முடித்துவிடும். ஆனால் குரலின் அடுக்குகளை ஒன்றுக்கொன்று சற்றே நகர்த்திவிடும். மற்றது எதையும் நகர்த்தாது. கணக்குப் போட்டு முடித்து, கொஞ்சம் தாமதமாக ஒலியை வெளியே விடும். அவர் பாடிப் பதிவான பாட்டை வைத்து, பதினொரு நாள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டாவதில் குரல் அவ்வளவு தெளிவு. தாமதம் காதில் படவே இல்லை. அதையே வைத்தேன்.

அதற்குப்பின் மூன்று ஒத்திகையிலும் அண்ணன் தாளத்துக்குப் பின்னால் விழுந்தார். எட்டிப்பிடிக்க அவசரப்பட்டுச் சொற்களை விழுங்கினார். எங்களில் இளையவர், வாய் நீளமானவர், ஐம்பது வயதுத் தபேலாக்காரர்தான். "என்னண்ணே, தபேலா வந்து எறங்கிருச்சு, பாட்டு அடுத்த பஸ்லயா வருது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். "டிரைவர் தூங்கிட்டான்லா" என்று அண்ணனும் சிரித்தார். நான் அதோடு விடவில்லை. "காத ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாருங்கண்ணே" என்றேன்.

அண்ணன் விலகிய அடுத்த சனிக்கிழமை, அவர் இடத்தில் தபேலாக்காரரே பாடிப் பார்த்தார். கை முன்னே போயிற்று, வாய் பின்னே வந்தது. "மைக்ல என்னமோ இருக்குண்ணே" என்றார். எல்லோரும் போனபின் மைக்கின் முன் ஒரு கைதட்டு தட்டி, உள்ளே போன ஒலியையும் வெளியே வந்த ஒலியையும் பதிந்து அளந்தேன். எண்பத்தைந்து மில்லி வினாடி. பதிவான பாட்டை ஓட்டும்போது, மென்பொருள் மற்ற வாத்தியங்களையும் அதே அளவு காக்க வைத்துவிடும். அதனால்தான் அந்தப் பதினொரு நாளும் எனக்குத் தெரியவில்லை. நேரில் பாடும்போது தபேலா நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. அண்ணன் குரல் மட்டும் என் மடிக்கணினியைச் சுற்றிக்கொண்டு சபைக்கும் அவர் காதுக்கும் வருகிறது. அவர் சரியாகத்தான் பாடியிருக்கிறார்.

உடனே வேலை செய்யும் வழிக்கு மாற்றினேன். குரலின் அடிப்பகுதி இம்மி கலங்கியது. என் காதுக்கு அது இன்றைக்கும் தெரியும். வேறு யாரும் சொன்னதில்லை. ஒருவன் தன் குரலைத் தான் பாடும் அந்த நொடியிலேயே கேட்பதும் ஒலித் தரத்தில் சேர்த்தி என்பதை, முப்பத்தொரு வருடம் கருவிகளைச் சரிபார்த்த நான் கணக்கில் எடுக்கவில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, அண்ணனுக்கு ஒத்திகை போதவில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்றும் யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்ப நான் லேட்டு இல்லையா?"

"இல்லண்ணே. நான்தான் உங்கள லேட்டாக்கிட்டேன்."

அவர் கை காதுப் பக்கம் போயிற்று. அப்போதுதான் அவருடைய இடது காதின் பின்னால் சின்னதாக ஒரு கருவி இருப்பதைப் பார்த்தேன். காதைச் சோதித்த இடத்தில், இந்த வயதில் எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்றார்களாம். பாட்டு போனதற்கு அதுதான் காரணம் என்று இவர் முடிவு செய்துகொண்டார். மகள் கல்யாணத்துக்கு ஒதுக்கியதில் கைவைத்து வாங்கியிருக்கிறார்.

"மூவாயிரத்து நானூத்தி எண்பது வெள்ளி" என்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "விடு தம்பி. ஒங்க அண்ணி அடுப்படியில என்ன மொணங்குறான்னு இப்பதான் வெளங்குது."

பாதியாவது தருகிறேன் என்றேன். கையை உதறி மறுத்துவிட்டார்.

விருந்தில் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான்கு பாட்டுப் பாடினார். ஒரு சொல்கூடப் பின்தங்கவில்லை. மணமேடையில் இருந்த மகள் முதல் பாட்டிலேயே கண்ணைத் துடைக்கத் தொடங்கினாள். நான் மொய் உறையை அவள் கையில் கொடுத்தேன். மொய்ப்பணம் ஒற்றையில் முடிய வேண்டும் என்பதால் ஒரு வெள்ளி சேர்த்திருந்தேன். மொத்தம் மூவாயிரத்து நானூற்று எண்பத்தொரு வெள்ளி.