எந்தத் தீவுத் தவளை

துரைராஜுக்குப் பதினான்கு வருஷமாகத் தவளை பிடிப்பதுதான் பிழைப்பு. சொன்னால் சிரிப்பார்கள். அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஜலஜா மேடம் விஞ்ஞானி. கப்பலேறி, படகு மாறி, ஆளில்லாத தீவுகளில் என்னென்ன தவளை, பல்லி, பாம்பு இருக்கின்றன என்று கணக்கெடுப்பவர். பிடித்ததை ஈரத் துணிப்பையில் போட்டு, எந்தத் தீவு என்று சீட்டுக் கட்டுவது துரைராஜின் பொறுப்பு. ஒரு பைக்கு ஓர் உயிர். இடம் தெரியாத தவளை எதற்கும் உதவாது என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

போன பயணத்தில் அங்கேதான் கோட்டை விட்டார். வெயிலில் படகு திரும்பும்போது, பெரிய தீவில் பிடித்த தவளையின் பை கிழிந்தது. மாற்றுப் பை தீர்ந்திருந்தது. தவளை காய்ந்து சாகப் பார்த்தது. மனசு கேட்காமல் பக்கத்துச் சின்னத் தீவின் தவளையோடு சேர்த்துப் போட்டார். கரையில் பார்த்தால் இரண்டும் ஒரே சாயல். குத்துமதிப்பாகச் சீட்டைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இப்போது அதில் ஒன்று உலகத்துக்கே புதுசு என்று தெரிந்திருக்கிறது. சீட்டின்படி அது பெரிய தீவுத் தவளை. படகுத்துறைக்காகச் சின்னத் தீவுக் காட்டை வெட்டலாமா என்று அரசாங்கத்தில் கேட்டிருந்தார்கள். அங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை என்று மேடம் அறிக்கை எழுதி முடித்துவிட்டார். நாளை அனுப்ப வேண்டும்.

துரைராஜுக்குத் தன் பழைய வீட்டின் ஞாபகம் வந்தது. கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் இடிப்பதற்காக வீடுகளைக் கணக்கெடுத்த அன்று அவர் தீவில் இருந்தார். மனைவி பாஞ்சாலி ஆஸ்பத்திரியில். வந்தவர்கள் பூட்டைப் பார்த்து ‘ஆள் இல்லை’ என்று எழுதிப் போனார்கள். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு வந்தது. இவர்களுக்கு வாடகை ஒண்டுக்குடித்தனம்.

“சொல்ட்டு வாய்யா. வேல போனா போவுது,” என்றாள் பாஞ்சாலி.

சொன்னார். ஜலஜா மேடம் அறிக்கையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

“அப்பவே சொல்லப்படாதா துரைராஜ்? இனிமே உங்களை எப்படி நம்பி அழைச்சுண்டு போறது?”

“வேணாம் மேடம். தப்பு என்னுதுதான்.”

“திரும்பப் போய்ப் பார்க்க ஒரு வருஷம் ஆகும். இப்ப நான் என்னன்னு எழுதறது?”

“தெரிலன்னு எழுதுங்க. இல்லன்னு மட்டும் எழுதாதீங்க மேடம். எங்கூட்டாண்ட அப்டித்தான் எழுதிக்கினு பூட்டாங்க.”

மேடம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு அறிக்கையில் அந்த வரியை அடித்தார். சின்னத் தீவில் மறுபடி தேடிப் பார்க்கும்வரை ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது என்று எழுதினார்.

மறு வருஷம் மேடத்தோடு தேடப் போனது வேறு ஆள். கிளம்புவதற்கு முதல் நாள் துரைராஜ் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேடத்தின் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே நாற்பது துணிப்பைகள், எல்லாம் பாஞ்சாலி போட்ட இரட்டைத் தையல்.